முகம் படித்த கிடா

சிப்பித்துறையில் மீனை வாயால் ஏலம் கேட்கிற வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, ஏனென்றால் கரையில் கூடையோடு நிற்கிற நாங்கள் எல்லோரும் ஒருத்திக்கொருத்தி அக்காளாகவோ தங்கச்சியாகவோ மதினியாகவோ மாமியாகவோ இருப்போம், முந்தின நாள் நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனவளை விடிந்ததும் வாய் திறந்து மிஞ்சிக் கேட்டுவிட்டு அப்புறம் அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த மூஞ்சியோடு போவது. அதனால் நாங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்போம், ஏலக்காரர் ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று விலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவார், எங்கள் முகங்களை ஒன்றுவிடாமல் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே போவார். யாருக்கு அந்தக் கூடை நிஜமாகவே வேண்டும், யார் சும்மா வீம்புக்கு நிற்கிறாள், யாருக்கு இந்த விலையோடு தெம்பு தீர்ந்துவிட்டது என்பதெல்லாம் முகத்திலேயே தெரிந்ததும் வலது காலால் பெட்டியை ஓங்கி ஒரு மிதி மிதிப்பார், அதோடு ஏலம் முடிந்தது. மிதித்த பிறகு அதை யாரும் மாற்றச் சொல்லிக் கேட்பதில்லை.

அந்த ஏலக்காரர் இன்னாசி அண்ணன். மீசை கறுப்பாக இருந்த காலத்தில் பெட்டி மேல் ஏறியவர் மீசை வெளுத்த பிறகும் இறங்கவில்லை, ஒருநாள்கூட ஒருத்தி முகத்தைத் தப்பாகப் படித்ததும் இல்லை. ஏலக்காரருக்கு ஊரில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, அவருடைய மனைவி ஏல நேரத்தில் கரைப்பக்கம் வரக் கூடாது, அவள் முகத்தைப் பார்த்து அவர் கால் தானாக மிதித்துவிடும் என்ற பயம்தான். ஆகவே அவர் மனைவி பிரகாசி மதினி, ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முகத்தையும் தன் புருஷன் தினமும் உற்று உற்றுப் பார்ப்பதை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்காததால் அதையே வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதே, "இன்னைக்கு யாரு மூஞ்சிய ரொம்பப் பாத்திய?" என்று கேட்பாள். "மூஞ்சிய எங்க பாத்தேன், மீனத்தான் பாத்தேன்" என்பார் அவர். விடியற்காலையெல்லாம் அடுத்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தேய்ந்த கண்ணில் தனக்கென்று என்ன மிச்சம் இருக்கும் என்பதுதான் மதினியின் கவலை, அந்தக் கவலையிலேயே அவளுக்குச் சிரிப்பு என்பது மறந்து போயிருந்தது.

மதினிக்குக் கோபம் வந்தாலும் துக்கம் வந்தாலும் வாய் திறந்து சொல்ல மாட்டாள், பாத்திரத்தைக்கூட உருட்ட மாட்டாள், வாசற்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அப்போது இன்னாசி அண்ணன் வேலையைப் போட்டுவிட்டு வந்து அவளுக்கு ஒரு சாண் தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார், அவள் மூச்சு சீராகிற வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு எழுந்து போவார். "ஊருக்கெல்லாம் மூஞ்சி, எனக்கு மட்டும் முதுகு" என்று மதினி இதைச் சொல்லிச் சொல்லி எங்களிடம் வயிறெரிவாள், நாங்களும் பாவம்தான் என்று உச்சுக் கொட்டிவிட்டு வழியில் சிரித்துக்கொண்டே வருவோம்.

இப்படி இருக்கையில்தான் அந்த மார்கழியில் பிலோமியின் தாயார் செத்துப் போனாள். அடக்கம் முடிந்து கரைக்கு வந்த பிலோமி, வாங்குகிற எண்ணமே இல்லாமல் எல்லோருக்கும் பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள், பெரிய போட்டில் வந்த வாளை மீன் முழுவதும் குவிந்து கிடந்தது, இன்னாசி அண்ணன் விலையை ஏற்றிக்கொண்டே போய் பிலோமியைப் பார்த்துப் பெட்டியை மிதித்துவிட்டார். அழுகையை ஆசை என்று படித்துவிட்டார். மிதித்தது மிதித்ததுதான் என்பதால் பிலோமி அத்தனை வாளையையும் எடுத்துக்கொண்டு போனாள், அந்த வாரம் துக்கம் கேட்க வந்த நாங்கள் எல்லோரும் வாளைக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனோம்.

வீட்டில் இந்தக் கோளாறு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. படியில் போய் உட்கார்ந்தால் முதுகைக் காட்டுகிறவர், இப்போது எதிரே வந்து உட்கார்ந்து மதினியின் முகத்தையே பார்க்க ஆரம்பித்திருந்தார், மதினிக்கு முதலில் அது பெருமையாகக்கூட இருந்தது, கடைசியில் மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று எங்களிடம் சொல்லித் திரிந்தாள். அப்புறம் ஒருநாள் கஞ்சி வடிக்கும்போது கை வெந்து, வலி தாங்காமல் கண்ணீர் ஓட அவர் முன்னால் நின்றாள். அவர் அவளை நன்றாகப் பார்த்தார், பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். "ஏளா பிரகாசி, கடுங்காப்பி இருக்கா?" என்றார்.

தூத்துக்குடியில் காட்டிய டாக்டரம்மா இது மறதி நோய்களில் ஒரு வகை என்று சொன்னாள். ஆளை மறக்கவில்லை, ஆளின் முகத்தில் ஓடுவதைப் படிக்கிற இடம் தேய்ந்துகொண்டு வருகிறது, அழுகை, கோபம், பயம் எல்லாம் இனி அவருக்கு வெறும் மூக்கும் வாயுமாகத்தான் தெரியும், சிரிப்பு மட்டும் கொஞ்ச காலம் எட்டும், ஆகையால் நீங்கள் சிரித்துக்கொண்டே இருங்கள் அம்மா என்றாள். "எனக்கு அந்தப் பழக்கம் இல்லியே" என்றாள் மதினி.

அவரைப் பெட்டியிலிருந்து இறக்கிவிடுவது என்று மீனவர் சங்கத்தில் முடிவானது. செயலாளர் சேசையா வந்து தோளைத் தொட்டு, "மாமா, போதும், எறங்குங்க" என்றார், அண்ணன் தகராறு ஒன்றும் பண்ணாமல் இறங்கினார், அவர் இறங்கியதும் வியாகுலம் அக்காவின் கிடா ஏறியது.

வியாகுலம் அக்காவைப் பற்றிச் சொல்லவில்லையே. அவள் புருஷன் போன வள்ளம் திரும்பி வரவில்லை, அதிலிருந்து அவள் சிரிக்க ஆரம்பித்தவள்தான். தோள் குலுங்கி, மூச்சு முட்டி, கண்ணில் தண்ணி வந்து, பக்கத்தில் நிற்பவளை ஓர் அடி அடித்துத்தான் அவளுக்குச் சிரித்து முடியும். துரை என்று ஒரு செவலை ஆட்டுக்கிடா வளர்த்தாள், அது ஏல நேரத்தில் ஐஸ் பெட்டிக்குக் கீழே நின்று ஓலைக்கூடை விளிம்பைத் தின்றுகொண்டிருக்கும். அந்தக் கிடாதான் அன்றைக்குப் பெட்டி மேல் ஏறி, இன்னாசி அண்ணன் பார்க்கிற மாதிரியே இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்து எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. சேசையாவுக்கு என்ன தோன்றியதோ, விலையைச் சொல்ல ஆரம்பித்தார், கிடா மென்றுகொண்டே கேட்டது, மகளுக்குப் பேறுகாலம் வைத்திருந்த அருளாயியின் முகத்தில் சற்று நின்றது, வலது முன்னங்காலால் ஒரு மிதி மிதித்தது. அந்தச் சாளைக் கூடை அருளாயிக்குத்தான் வேண்டியிருந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆகவே நாங்கள் அடுத்த கூடைக்கு நகர்ந்தோம்.

பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று சிலர் போனார்கள், மீன் ஏலத்துக்கும் வேதத்துக்கும் சம்பந்தமில்லை, பூசை நேரத்தில் கோவிலுக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் சரி என்று சாமியார் சொல்லிவிட்டார். அதன்பிறகு துரை இல்லாமல் ஊரில் ஒன்றும் நடக்கவில்லை. பெண் பார்க்க வந்தால் காப்பித் தட்டுக்குப் பின்னாலேயே துரையையும் கூட்டி வந்தார்கள், சம்மதம் என்று வாயால் சொன்ன ஒரு பெண்ணின் காலடியில் அது போய்ப் படுத்துக்கொள்ள, அவள் மனசில் சம்மதம் இல்லை என்று புரிந்து மாப்பிள்ளை வீட்டார் எழுந்து செருப்பை மாட்டினார்கள், அந்தப் பெண் இன்றைக்கும் துரைக்கு அகத்திக்கீரை வாங்கிப் போடுகிறாள். வலை திருடினவனைக் கண்டுபிடிக்க அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், மாமியார் மருமகள் சண்டையில் நடுவில் நிறுத்தினார்கள், மன வருத்தம் இல்லை என்று சொல்லிச் சமாதானம் ஆன அண்ணன் தம்பிகள்கூடத் துரை பார்க்காத இடமாகப் போய்க் கை கொடுத்துக்கொண்டார்கள். சில பெண்கள் அது தெருவில் வருகிறது என்றால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார்கள், யாருக்குத்தான் பயம் இல்லை.

பிரகாசி மதினிக்கு இதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. புருஷன் ஏலக்காரராக இல்லாததால் கட்டுப்பாடும் இல்லை, ஒருநாள் காலையில் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல்முறையாகக் கரைக்கு வந்து எங்களோடு நின்றாள். அன்றைக்கு நண்டு வந்திருந்தது. கிடா எல்லோரையும் பார்த்துவிட்டு வியாகுலம் அக்காவின் முகத்தில் வந்து நின்றது, அக்கா அப்போதும் எதற்கோ சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் கிடா அந்தச் சிரிப்புக்கு அடியில் எதையோ தேடிப் பிடித்த மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தது, பார்த்துப் பெட்டியை மிதித்தது. அந்தச் சாய்ந்த பார்வை யாருடையது என்று, அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்திய மதினிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இத்தனை வருஷமும் தன் மனசில் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததை அவள் இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டாள், கூடையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள், கூடையை நான்தான் எடுத்துப் போய்க் கொடுத்தேன்.

"எம் புருசன் மனசுல இருந்ததெல்லாம் அதுக்குள்ளதான் போயிருக்கு" என்றாள் மதினி. "அப்ப அவ மூஞ்சியத்தான அவரு அத்தன ஆழமாப் பாத்திருக்காரு. இல்லன்னா கெடாக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரு மூஞ்சியும் பாத்தவரு மதினி, தொழிலு அது" என்றேன்.

"நீ பேசாத. ஒனக்கு என்னைக்காச்சும் நண்டு விழுந்திருக்கா?"

எனக்கு விழுந்ததில்லைதான். அதை அவள் கேட்ட பிறகு எனக்கும் வியாகுலம் அக்கா மேல் சுருக்கென்று ஏதோ ஏறியது, பொறாமை என்பது இப்படித்தான், ஒரு வீட்டில் தாளித்தால் தெரு முழுக்கத் தும்மல் வரும்.

இது போதாதென்று இன்னாசி அண்ணன் காலைச் சாப்பாடு ஆனதும் வியாகுலம் அக்காவின் வாசலில் போய் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். அவள் பனங்கிழங்கை உரித்துக் கொடுத்துக்கொண்டே எதையாவது சொல்லிக் குலுங்கிச் சிரிப்பாள், அந்தச் சிரிப்பு ஒன்றுதான் அவருக்கு எட்டியது, அதைக் கண்டதும் அவர் முகம் விரியும், கைதட்டிக்கொண்டு அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் மதினி கவலையோடு நிற்பாள், கோபத்தோடு நிற்பாள், வயிற்றெரிச்சலோடு நிற்பாள், அவருக்கு மூன்றும் ஒன்றுதான், ஒரு சுவர் நிற்கிற மாதிரி அவளைத் தாண்டிப் போய்க் கட்டிலில் படுத்துக்கொள்வார். "மறந்த மனுசனும் அவ வாசல்ல, மறக்காத மிருகமும் அவ வாசல்ல" என்று மதினி என்னிடம் சொன்னாள். "எனக்கு என்னளா மிச்சம்?"

கோவில் கொடியேற்றத்தன்று ஊரே கொடிமரத்தடியில் நின்றபோது மதினி வியாகுலம் அக்காவின் முற்றத்துக்குப் போனாள், துரையின் கயிற்றை அவிழ்த்தாள், ஒளித்து மறைத்து ஒன்றும் செய்யவில்லை, நடுத்தெரு வழியாகவே இழுத்துக்கொண்டு வந்து தன் வீட்டுப் பூவரச மரத்தில் கட்டினாள். கிடாவையும் புருஷனையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டால், ஒன்றிலிருந்து போனது மற்றொன்றுக்குத் திரும்பி வந்துவிடும் என்று அவள் நம்பினாள், நாங்களும் அவள் இடத்தில் இருந்தால் அதையேதான் செய்திருப்போம். அண்ணனைக் கட்டிலோடு இழுத்து மரத்தடியில் போட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெகுநேரம் பார்த்த பிறகு இன்னாசி அண்ணன் தான் தின்ற வாழைப்பழத்தின் தோலை அதற்கு நீட்டினார், அது வாங்கித் தின்றது, வேறொன்றும் நடக்கவில்லை.

கோவிலிலிருந்து வந்த வியாகுலம் அக்கா முன்னாலும் நாங்கள் பின்னாலுமாகப் போய்ச் சேர்ந்தோம். மதினி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"யக்கா, கேட்டா நானே குடுத்திருப்பேம்லா" என்று சிரித்தாள் வியாகுலம். அந்தச் சிரிப்பைக் கண்டதும் கட்டிலில் இருந்த அண்ணனும் கைதட்டிச் சிரித்தார்.

அதுதான் மதினிக்குத் தாங்கவில்லை. "சிரிக்காத. எம் புருசன் எத்தன வருசமா ஒன் மூஞ்சியப் படிச்சாரு, சொல்லு. ஒளிக்காமச் சொல்லு."

வியாகுலத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க வீட்டுக்காரரு வள்ளம் திரும்பலன்னு தெரிஞ்ச மறுநாளே கரைக்கு வந்தேன் யக்கா. கூடையத் தூக்காட்டி அன்னைக்கு அடுப்பு எரியாது. சிரிச்சிக்கிட்டு நின்னேன், அழுதா அண்ணன் பாவம்னு மிதிச்சிருவாரு, அந்த மீனு எனக்கு வேண்டாம். அப்படியும் கண்டுபிடிச்சிட்டாரு. கண்டுபிடிச்சும் மூஞ்சிய வேற பக்கம் திருப்பி, வெல ஏறி முடியட்டும்னு நின்னாரு. அம்புட்டுதான். அதுக்கு மேல என் மூஞ்சில அவருக்கு வேல இல்ல."

மதினி நம்பினாளோ என்னவோ, அவள் முகம் கோணிக்கொண்டது, எங்கள் அத்தனை பேர் முன்னாலும், வாழ்க்கையில் முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள். பிலோமி தன் தாயாருக்கு அழுததைவிட அதிகம் அழுதாள். இன்னாசி அண்ணன் அந்த அழுகையை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், காற்றில் ஆடுகிற துணியைப் பார்ப்பதுபோல், பார்த்துவிட்டு, "ஏளா, கடுங்காப்பி இருக்கா?" என்றார்.

வியாகுலம்தான் மெதுவாக, "யக்கா, சிரிச்சிக்கிட்டுக் குடு. அதுதான் அவருக்குத் தெரியும்" என்றாள். உனக்கென்ன, நீ சொல்லுவாய் என்கிற மாதிரி மதினி அவளை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் உள்ளே போனாள், டம்ளரோடு வந்தாள், முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள், பிறகு பழக்கமில்லாத உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பல் தெரிய அவர் முன்னால் நின்றாள். அது சிரிப்பே இல்லை. அவருக்கு அது போதுமாக இருந்தது. முகமெல்லாம் விரிந்து, டம்ளரை வாங்கிக்கொண்டு, "என்ன புள்ள, இன்னைக்கு ரொம்பச் சந்தோசமா இருக்க?" என்றார்.

"ஆமா" என்றாள் மதினி, உதட்டை விடாமல்.

அப்போதுதான் மரத்தடியில் படுத்திருந்த துரை எழுந்தது. கயிறு எட்டுகிற மட்டும் நடந்து மதினியின் பக்கத்தில் வந்தது, அவளை நிமிர்ந்து ஒருதரம் பார்த்தது, பிறகு திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு சாண் தள்ளிக் கால் மடக்கி உட்கார்ந்தது. கடல் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டு அசை போட்டது.

மதினியின் உதடு நின்ற இடத்தில் நின்றுவிட்டது.

"இது என்ன புதுசா இருக்கு?" என்றாள் வியாகுலம். குரலில் அவளுடைய வழக்கமான குலுக்கல் இல்லை. "எங்கிட்ட தலையச் சாய்ச்சுப் பாக்கும், மிதிக்கும், அம்புட்டுதான். எத்தன நாளு சாயங்காலம் ஒத்தைல கெடந்து அழுதிருக்கேன், இந்தக் கெடா பாத்துக்கிட்டேதான நின்னுச்சு. ஒரு நாளும் இப்படி வந்து உக்காந்ததில்லியே."

நாங்களும் யோசித்துப் பார்த்தோம். பெண் பார்த்த வீடுகளிலும் சண்டை நடந்த வீடுகளிலும் ஏலக் கரையிலும் துரை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறது, எத்தனையோ பேர் காலடியில் படுத்திருக்கிறது, முதுகைக் காட்டி யாருக்கும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஊருக்கெல்லாம் மூஞ்சி, எனக்கு மட்டும் முதுகு என்று மதினி சொன்னது சரிதான், அவளுக்கு மட்டும்தான். அழுகிறவள் முகத்தை அழுது முடிகிற வரை யாரும் பார்க்கக் கூடாது, தானும் பார்க்கக் கூடாது, ஆனால் தனியாகவும் விடக் கூடாது என்று ஊரெல்லாம் முகம் பார்த்துப் பிழைத்த மனுஷன் தன் வீட்டுக்காரிக்கென்று வைத்திருந்தது அது. மதினி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். அந்தச் செவலை முதுகில் முதலில் கையை வைத்தாள், பிறகு கன்னத்தை வைத்தாள், அவள் மூச்சு சீராகிற வரைக்கும் கிடா திரும்பவே இல்லை. கட்டிலில் அண்ணன் ஊதி ஊதிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

வியாகுலத்தின் முகத்தை அப்போதுதான் நாங்கள் பார்த்தோம், இப்படிச் சிரிப்பு முழுக்க வடிந்த முகத்தை, அவள் புருஷன் போனதிலிருந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. இத்தனை காலம் மதினியிடம் இருந்த பொறாமையெல்லாம் அப்படியே இடம் மாறி அவள் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கிடா தலையை மட்டும் திருப்பி அவளையும் ஒருதரம் சாய்த்துப் பார்த்தது, பார்த்துவிட்டு உட்கார்ந்தவாக்கிலேயே வலது முன்னங்காலை நீட்டித் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. மிதித்தது மிதித்ததுதான். வியாகுலம் கயிற்றைக் கேட்காமல் வீட்டுக்குப் போனாள், மறுநாள் காலையிலிருந்து அவளே அகத்திக்கீரையைக் கட்டிக்கொண்டு மதினி வீட்டு வாசலுக்கு வந்து அண்ணனுக்குச் சிரித்துக் காட்டிவிட்டுப் போகிறாள், மதினியும் இரு என்று சொல்லி ஒரு டம்ளர் காப்பி கொடுக்கிறாள்.

அன்றைக்கு நாங்கள் அவரவர் வீட்டுக்கு வந்தோம். எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் இருந்திருக்கிறது, பிற்பாடு ஒருத்திக்கொருத்தி சொல்லித்தான் தெரிந்தது. நான் கொடியேற்றத்துக்குக் கட்டிய சீலையை மாற்றாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் எதிரே போய் உட்கார்ந்தேன், மதினியின் முகத்தை நினைத்துக்கொண்டேன், கண்ணீர் தானாக வந்தது, துடைக்காமல் அவர் பார்க்கட்டும் என்று விட்டேன். அவர் நிமிர்ந்து என்னை நன்றாகப் பார்த்தார். "கொழம்புல உப்புப் பத்தல" என்றார். பிலோமி வீட்டில் வேட்டி காய்ந்துவிட்டதா என்று கேட்டாராம், அருளாயி வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னாராம். எங்கள் வீட்டுக்காரர்கள் யாருக்கும் எந்த நோயும் இல்லை.